மொய்தூட்டியின் முதுகு

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ராவுண்ணி மாஷின் சாமான்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாஷின் அக்கா தாட்சாயணியை அந்த வீட்டில் எல்லோரும் ஓப்போள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாஷின் மகள் ஸ்ரீகலா அவற்றைக் குவியல் குவியலாகத் தரையில் வைத்தாள்.

"வேட்டியெல்லாம் கோயில்ல செண்டை கொட்டற மாராருக்கு. குடையை வாசகசாலைக்குக் கொடுத்துடு. கண்ணாடி வீட்டோட இருக்கட்டும்."

சௌதாமினி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வருஷம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டியும் குடையும் யாருக்குப் போனால் என்ன?

அலமாரியின் அடித்தட்டிலிருந்து தன்வந்தரம் தைலப் பாட்டில் வெளியே வந்தபோதுதான் அவளுக்கு உள்ளே என்னவோ சுருக்கென்றது. பெரிய பாட்டில். மாஷ் கண் மூடுவதற்கு நாலு நாள் முன்பு அவளே வெயிலில் வைத்தியசாலைக்கு நடந்துபோய் வாங்கி வந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

"இது நம்ம பக்கத்து வீட்டு அம்மிணிக்கு ஆகட்டும்," என்றாள் ஓப்போள். "முட்டி வலி, முட்டி வலின்னு பாவம் உயிரை விடறா."

"அதை அங்கயே வைங்க," என்றாள் சௌதாமினி. "அது எனக்கு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கெதுக்கு?"

"தேய்ச்சுக்க."

"யாரு தேய்ச்சு விடுவா?"

"எனக்குக் கை இருக்கு."

ஓப்போள் மூக்கின் மேல் விரல் வைத்தாள். "ஒரு வருஷமாவது போகட்டும் சௌதாமினி. மாஷ் போயி பதினேழு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள எண்ணெய் தேய்ச்சு மினுமினுன்னு குளிச்சுட்டு நின்னா ஊரு என்ன பேசும்?"

"ஊரு வந்து என் குளியலறையில எட்டிப் பாக்கவா போகுது?"

"அம்மா, என்னம்மா இது," என்று ஸ்ரீகலா அவள் கையைப் பிடித்தாள். சௌதாமினி கையை உதறிவிட்டுப் போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தன் குரல் அவ்வளவு உரத்து வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் தபாலாபீசில் வேலை பார்த்தவள். எத்தனையோ பேர் கவுண்டரின் அந்தப் பக்கம் நின்று கத்தியிருக்கிறார்கள். அவள் ஒரு நாளும் திருப்பிக் கத்தியதில்லை.

தைலம் தேய்ப்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. மாஷுக்கு வாத உடம்பு. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அவள்தான் தேய்த்துவிட்டாள். கொதிக்கிற நீரில் தைலம் ஊற்றிய வெண்கலக் கிண்ணத்தை இறக்கி, எண்ணெய் விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் எடுக்க வேண்டும். உச்சந்தலையில் ஆரம்பித்து, காது, கழுத்து, தோள் என்று இறங்க வேண்டும். எலும்பு நீளமாக ஓடுகிற இடத்தில் நீளமாக இழுக்க வேண்டும். மூட்டு வருகிற இடத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டும். வயிற்றில் அழுத்தக் கூடாது. உள்ளங்காலில் பாவம் பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரம். பிறகு அரை மணி ஊற வைத்து, பயத்தம்பொடியைக் கரைத்துக் கொடுத்து, வெந்நீர் விளாவி வைக்க வேண்டும். மாஷ் குளித்துவிட்டு வந்து, "ஹா, இப்பத்தான் உடம்பு உடம்பா இருக்கு," என்பார். அந்த ஒரு வரிதான். நாற்பத்தொரு வருஷமும் அதே ஒரு வரி.

மறுநாள் விடிந்ததும் அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கிணற்றடியை ஒட்டிய குளியலறை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு வாளி வெந்நீர், கிண்ணத்தில் தைலம். பழைய முண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கை எண்ணெயை உச்சந்தலையில் வைத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. காதுகளுக்குப் பின்னால் விரல் போனபோதும் ஒன்றுமில்லை. தோளுக்கு வந்ததும்தான் கை நின்றது. தோள் கல்லாக இருந்தது. ஆயிரம் முறை மாஷின் தோளைத் தொட்ட கை அது. எந்த முடிச்சு எப்போது இளகும் என்று அதற்குத் தெரியும். தன் தோளில் இப்படி ஒரு முடிச்சு இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது.

முழங்கையில், முழங்காலில், இடுப்பில் எல்லாம் அதே கதைதான். கைபட்ட இடத்தில் எல்லாம் வலி எழுந்து வந்தது, இத்தனை நாள் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்ததைப்போல. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார்மேல் என்று முதலில் தெரியவில்லை. தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டு தொடையை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

முதுகில்தான் சிக்கல் வந்தது. கீழ் முதுகுக்குக் கட்டைவிரல் போயிற்று. கழுத்துக்குக் கீழே நாலு விரல்கடை வரை மேலிருந்து போயிற்று. நடுவில் ஒரு சாண் இடம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, எப்படி வளைந்தாலும் எட்டவில்லை. வலி முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது. தோர்த்துத் துண்டின் நடுப்பகுதியை எண்ணெயில் முக்கி, இரண்டு முனையையும் பிடித்துக் குறுக்கே இழுத்துப் பார்த்தாள். எண்ணெய் ஒட்டியது, அழுத்தம் கிடைக்கவில்லை. மறுநாள் சிரட்டைக் கரண்டியை எடுத்துப்போய் அதன் முதுகால் தன் முதுகைத் தேய்த்தாள். அது வழுக்கித் தரையில் விழுந்து காம்பு தனியாகக் கழன்றுகொண்டது. வெளியிலிருந்து ஓப்போள், "உள்ள என்ன சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நடனமாடறேன்!"

அந்த இடம் வலிக்க ஆரம்பித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தொண்ணூற்று மூன்று, ஆடி மாத மழை. தபாலாபீசில் ஆள் வரவில்லை என்று பார்சல் மூட்டையை அவளே தூக்கினாள். முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. அன்று வீட்டுக்கு வந்து, சமைத்து, ஸ்ரீகலாவைத் தூங்க வைத்த பிறகு, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மாஷிடம் போய் நின்றாள். "இங்க கொஞ்சம் தைலம் போட்டுத் தேய்ச்சு விடறீங்களா?" என்று கேட்டாள். வாழ்க்கையில் அவள் அவரிடம் கேட்டதே அந்த ஒரு தடவைதான்.

மாஷ் கோபப்படவில்லை. அவர் யார்மேலும் கோபப்பட மாட்டார். பத்திரிகையைத் தாழ்த்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எனக்கு அதெல்லாம் வராது சௌதாமினி. நரம்பைத் தப்பா அமுக்கிட்டா வம்பாயிடும். யாராவது தெரிஞ்ச பொம்பளையக் கூப்பிட்டுக்கோயேன்," என்றார். பத்திரிகை மறுபடி உயர்ந்தது. வராது என்கிறவரை என்ன செய்வது? அவள் ஒரு பொம்பளையையும் கூப்பிடவில்லை. முப்பது வருஷம் அந்த வலியோடேயே இருந்துவிட்டாள்.

அவள் தைலம் தேய்க்க ஆரம்பித்த ஐந்தாம் நாள், சூரியன் ஏறிய பிறகு, மொய்தூட்டி துக்கம் கேட்க வந்தார். ஆற்றங்கரையில் மரக்கடை வைத்திருந்தவர். மாஷின் சின்ன வயதுச் சிநேகிதர். மாஷ் இறந்தபோது அவர் ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருந்தார். முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். ஓப்போளும் சேர்ந்து அழுதாள். ஸ்ரீகலா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"தங்கச்சி," என்றார் மொய்தூட்டி, சௌதாமினியைப் பார்த்து. "மாஷ் மாதிரி ஒரு மனுசனப் படைச்சவன் இனிமே படைக்க மாட்டான். உங்களுக்குப் புருசன் போயிட்டாரு. எனக்கு எல்லாமே போச்சு. இனி என் முதுகை யாரு தேய்ச்சு விடுவா?"

சௌதாமினிக்கு முதலில் புரியவில்லை. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

"என்ன தேய்ச்சு?"

"முதுகு, தங்கச்சி. தைலம்." அவர் மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வருவாருல்ல? நம்ம மரக்கடைக்குப் பின்னால, மறைவா ஒரு கல்லு இருக்கு. அதுல என்னைக் குப்புறப் படுக்க வெச்சு முக்கால் மணி நேரம் தேய்ப்பாரு. அந்தக் கட்டைவிரல் இருக்கே, அது கட்டைவிரலா? எந்த நரம்பு எங்க சுருண்டிருக்குன்னு கண்ணு வெச்சுப் பாக்கும். இங்கிலீஷ் டாக்டருங்க ஆபரேசன்னு சொன்ன முதுகு, தங்கச்சி. மாஷ் கையால நிமிந்துச்சு."

ஓப்போள் மேல்முண்டால் கண்ணைத் துடைத்தாள். "எங்க மாஷ் அப்படித்தான். மத்தவங்க கஷ்டம் பொறுக்கமாட்டான்."

சௌதாமினி நின்ற இடத்திலேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாஷ் ஆற்றுக்குப் போகும்போது கையில் ஒரு சின்னக் குப்பி இருக்கும். சனிக்கிழமை மிஞ்சிய தைலத்தைச் சூடுபண்ணி அதில் ஊற்றிக் கொடுப்பது அவள்தான். சூடு ஆறாமல் இருக்கத் துணி சுற்றியும் கொடுப்பாள். தலைக்கு வைக்க என்பார் மாஷ். முக்கால் குப்பித் தைலம் ஒரு தலைக்கு எதற்கு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

"என்னது?"

"மாஷ் உங்க முதுகைத் தேய்க்க ஆரம்பிச்சது. எந்த வருஷம்?"

மொய்தூட்டி யோசித்தார். கேட்கிறவளுக்கு அது ஆறுதல் என்று நினைத்துச் சந்தோஷமாகவே யோசித்தார். "தேக்குக் கட்டை உருண்டு என் முதுகுல விழுந்துச்சே, அந்த வருசம். என் ஷாபி பொறந்த வருசம். தொண்ணூத்தொண்ணு."

"தொண்ணூத்தொண்ணு."

"ஆமா. மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னால. மொதல்ல அவருக்கும் ஒண்ணும் தெரியல. வீட்டுல நீங்க அவருக்குத் தேய்ப்பீங்களாமே, அதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்னு சொல்வாரு. மூட்டுக்கு வட்டம், எலும்புக்கு நீளம்னு பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே தேய்ப்பாரு."

அவள் சொன்ன வார்த்தைகள் அவை. முதல் வருஷங்களில், மாஷின் காலைத் தேய்க்கும்போது தனக்குத்தானே முணுமுணுத்தவை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தாள்.

"மொய்தூட்டிக்கா," என்றாள், வழக்கம்போல அண்ணன் முறை வைத்து. குரல் தாழ்ந்துதான் வந்தது. "தொண்ணூத்திமூணுல நான் அவர்கிட்ட என் முதுகைக் கொஞ்சம் தேய்ச்சு விடச் சொன்னேன். எனக்கு அதெல்லாம் வராதுன்னு சொன்னார். அப்ப உங்களுக்கு ரெண்டு வருஷமாத் தேய்ச்சுக்கிட்டிருந்திருக்காரு. இல்லையா?"

மொய்தூட்டி தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"இல்லையா? சொல்லுங்க!"

"தங்கச்சி, எனக்கு…"

"அந்தத் தைலத்தைச் சூடு பண்ணினது யாரு? குப்பியில ஊத்தினது யாரு? துணி சுத்திக் கொடுத்தது யாரு? முப்பத்திரண்டு வருஷம் உங்க முதுகுக்கு நான் தைலம் காய்ச்சியிருக்கேன். என் முதுகு எந்தப் பக்கம் இருக்குன்னு அந்த மனுஷனுக்குத் தெரியாது!"

"சௌதாமினி!" என்று ஓப்போள் அதட்டினாள். "செத்தவனைப் பத்தி என்ன பேச்சு இது? வந்தவங்ககிட்ட பேசற பேச்சா? அவன் ஆம்பளை. ஆம்பளை உக்காந்து பொண்டாட்டி முதுகைத் தேய்ப்பானா?"

"ஏன், ஆம்பளை முதுகைத் தேய்ச்சாரே! அதுக்குக் கை வந்துச்சே!"

"அது வேற. அது உபகாரம்."

அந்தச் சொல்தான் அவளை முழுசாகக் கொளுத்திவிட்டது. "உபகாரமா? அப்ப நான் செஞ்சதுக்கு என்ன பேரு ஓப்போளே? சனிக்கிழமை சனிக்கிழமையா, பிள்ளை பெத்த மாசத்துலகூட விடாம, காய்ச்சலோட, என் கை வீங்கினபோதும் தேய்ச்சேனே, அதுக்கு ஒரு பேரு சொல்லுங்க, கேக்கறேன்!"

ஓப்போள் மேல்முண்டை உதறிப் போட்டுக்கொண்டாள். வாயைக் கோணிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஸ்ரீகலா அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா இப்படிக் கத்தி அவள் பார்த்ததே இல்லை.

மொய்தூட்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அழுகை நின்று முகம் சாம்பலாகியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு," என்றார். "பள்ளிக்கூடத்து மாஷு மரக்கடைக்காரனுக்கு எண்ணெய் தேய்க்கறாருன்னு தெரிஞ்சா மரியாதை போயிடும்னாரு. என் பொண்டாட்டி நபீசுக்கே நான் சொன்னதில்ல தங்கச்சி. உங்களுக்கு அவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். படைச்சவன்மேல ஆணை."

"போங்க," என்றாள் சௌதாமினி. "டீ போட எனக்குக் கை வராது இன்னிக்கு."

அவர் போன பிறகு அவள் கூடத்துக்குப் போனாள். அங்கே புதுச் சட்டமிட்ட மாஷின் படம், செவ்வந்தி மாலையோடு. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், பாராட்டு விழாவில் எடுத்தது. பொன்னாடை, பணிவான சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அடித்திருந்தால், திட்டியிருந்தால், குடித்துவிட்டு வந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். மாஷைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது? எனக்கு வராது என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார் என்றால், "அவ்வளவுதானா?" என்பார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் முப்பது வருஷமாக அவள் தோள்பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அவள் மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். படத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்தாள்.

அன்று மாலை ஓப்போள் பெட்டியைக் கட்டினாள். "இந்த வீட்ல இனி என்னால பச்சைத் தண்ணி குடிக்க முடியாது," என்றாள்.

"ஜீப் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள் சௌதாமினி.

ஸ்ரீகலா மட்டும் கூட இருந்தாள். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவுக்கு வெக்கமா இருந்திருக்கும்மா," என்றாள்.

"என்ன வெக்கம்?"

"உன்னைத் தொடறதுக்கு. அந்தக் காலத்து ஆளு."

"உன்னை எப்படிப் பெத்தேன்னு நெனக்கிற, தந்தி அடிச்சா?"

ஸ்ரீகலாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மறுநாள் அவள் விடுமுறை முடிந்து கோயம்புத்தூருக்குப் போனாள். போகும்போது, "நானும் கேட்டதில்ல இல்லம்மா? உனக்கு வலிக்குதான்னு," என்றாள். சௌதாமினி இல்லை, பரவாயில்லை என்று எதுவும் சொல்லவில்லை. "கேட்டதில்ல," என்று மட்டும் சொன்னாள். ஸ்ரீகலா ரயில் ஏறுகிற வரை அழுதுகொண்டே போனாள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்து வந்த காலைகளில் அவள் தைலம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோபத்தோடேயே தேய்த்தாள். ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு திட்டு. உள்ளங்காலைத் தேய்க்கும்போது, "ஞாயித்துக்கிழமைன்னா ஆத்துக்குப் போகணுமா, ஆத்துக்கு!" என்றாள். குளியலறையில் அவளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாதது நல்லதாகப் போயிற்று. முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. தோள் முடிச்சு ஒன்று இளகியிருந்தது. அந்த ஒரு சாண் மட்டும் அப்படியே கிடந்தது.

நாலாம் நாள் காலை, அவள் கிண்ணத்தை வெந்நீரில் இறக்கிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நபீசு வந்து நின்றாள். மொய்தூட்டியின் மனைவி. பருத்த உடம்பு, தலைத்துணி கழுத்தில் இறங்கியிருந்தது. நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. சௌதாமினிக்கு அவளைக் கல்யாண வீடுகளில் பார்த்த பழக்கம்தான்.

"என் புருசனை என்ன சொன்னீங்க?" என்றாள் நபீசு, உட்காராமலே. "மூணு நாளாச் சோறு இறங்கல அந்தாளுக்கு. கட்டிலைவிட்டு எந்திரிக்கல. கேட்டா வாயத் தொறக்கல. நேத்து ராத்திரி மெரட்டிக் கேட்டப்பறம்தான் சொல்லுச்சு."

"உள்ளதைத்தான் சொன்னேன். இன்னொரு தடவை வேணும்னாலும் சொல்றேன்."

"சொல்லுங்க! நீங்க சொல்லுங்க! எனக்கு யாரும் சொல்லலியே!" நபீசு தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "முப்பத்திரண்டு வருசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தைல வாசத்தோட வரும் அந்தாளு. எங்க போனேன்னா ஆத்துக்குன்னு சொல்லும். ஆத்து மீனுங்களா தைலம் தேய்ச்சு விடுதுன்னு கேப்பேன். சிரிக்கும். நான் என்ன நெனச்சிருப்பேன் சொல்லுங்க? எவளோ ஒருத்தி இருக்கான்னுதான் நெனச்சேன்! தையக்கடைக்காரி மேல சந்தேகம், பால்காரி மேல சந்தேகம். பால்காரிகிட்ட பதினோரு வருசம் நான் பேசல! அவ செத்தே போயிட்டா!"

சௌதாமினி அவளைப் பார்த்தாள். கோபம் உச்சியில் இருக்கும்போதே வாயின் ஓரத்தில் ஏதோ துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்தத் தைலக் கறையத் துவைச்சது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்! வேற யாரு? சோடா போட்டு, கல்லுல அடிச்சு, கை தோல் உரிஞ்சு!"

"நான் காய்ச்சினேன். நீங்க துவைச்சீங்க."

"நடுவுல ரெண்டு ராஜாக்கள் ஆத்தங்கரையில படுத்துக் கெடந்திருக்கு," என்றாள் நபீசு. பிறகு பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்," என்று முனகினாள்.

"இடுப்பா?"

"இடுப்பும் இல்ல, முதுகும் இல்ல. நடுவுல. ஆறு பெத்த முதுகு. யாருகிட்டச் சொல்ல?"

அடுப்பில் நீர் கொதித்தது. சௌதாமினி துணியால் பிடித்துக் கிண்ணத்தை எடுத்தாள்.

"தைலம் சூடா இருக்கு," என்றாள். "ஆறிடும். நான் உள்ள போகணும்."

"நீங்களே தேய்ச்சுக்குவீங்களா?"

"வேற யாரு இருக்கா?"

"முதுகுக்கு?"

நபீசு எழுந்தாள். தலைத்துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நடங்க," என்றாள், இன்னும் கோபமாகவே. "என் புருசனுக்கு உங்க வீட்டுக் கடன் ஒண்ணு இருக்கு. அந்தாளு அதத் தீக்காது, எனக்குத் தெரியும்."

குளியலறையில் முக்காலியில் திரும்பி உட்கார்ந்தபோது சௌதாமினிக்கு உடம்பு கூசியது. பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு கை அவள் முதுகில் பட்டதில்லை. நபீசுவின் கை கரடுமுரடாக இருந்தது. பழக்கமும் இல்லை. சப்பாத்திக்கு மாவு பிசைவதுபோல் பிசைந்தாள்.

"அப்படியில்ல. கட்டைவிரலை வெச்சு அழுத்துங்க. எலும்பு ஓரமா. நீளமா."

"இங்கயா?"

"இன்னும் மேல."

"இங்க?"

"கொஞ்சம் இடது… அங்க. அங்கதான். அங்கதான்!"

வலி கத்தியைப்போல் நெஞ்சு வரை பாய்ந்தது. அவள் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து அவளே எதிர்பாராமல் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. மாஷைத்தான். நாற்பத்தொரு வருஷத்தில் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனிதரை. நபீசுவின் கை ஒரு நொடி நின்றது.

"இன்னொண்ணு சொல்லுங்க," என்றாள் நபீசு. "நல்லா இருக்கு கேக்க."

சௌதாமினி இன்னொன்று சொன்னாள். நபீசு தன் பங்குக்கு மொய்தூட்டியை ஒன்று சொன்னாள். அது இன்னும் மோசம். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனார்கள். தேய்த்த கை நிற்கவில்லை. எப்போது திட்டு அழுகையானது என்று சௌதாமினிக்குத் தெரியவில்லை. பதினாறு நாள் சடங்கில், ஊர் முழுக்கக் கூடியிருந்தபோது வராத அழுகை. நபீசு எண்ணெயை மறுபடி கையில் ஊற்றிக்கொண்டாள்.

பிறகு இடம் மாறினார்கள். நபீசு முக்காலியில் உட்கார்ந்தாள். சௌதாமினியின் கட்டைவிரல் பட்டதுமே அவள் மூச்சு மாறியது. "படைச்சவனே," என்றாள் மெல்ல. "இந்தக் கையவா அந்த மனுசன் வீட்ல வெச்சிருந்தாரு. ஒரு தடவை திரும்பிக் கேட்டாரா, உனக்குன்னு?"

"இல்ல."

"சரி, பேசாதீங்க. தேய்ங்க."

குளித்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. இருவரும் கஞ்சியும் சுட்ட பப்படமும் எடுத்துவைத்துச் சாப்பிட்டார்கள். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் மொய்தூட்டி நிற்பதைப் பார்த்தார்கள். மனைவியைத் தேடி வந்தவர் உள்ளே வரத் துணியாமல், வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நாளில் ஆள் இளைத்துப்போயிருந்தார்.

"நபீசு, வீட்டுக்கு வா," என்றார் தாழ்ந்த குரலில்.

"சாப்பிட்டுட்டு வரேன். நில்லு."

அவர் நின்றார். சௌதாமினி அவரை உள்ளே கூப்பிடவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்தாள். கையைக் கழுவினாள். பிறகு சமையலறைக்குப் போய், சின்னக் குப்பி ஒன்றில் தைலம் ஊற்றி எடுத்துக்கொண்டு வேலியருகே போனாள்.

"மொய்தூட்டிக்கா, இதைப் பிடிங்க."

அவர் வாங்கத் தயங்கினார். "எனக்கு இனி வேண்டாம் தங்கச்சி. மாஷோட போச்சு அது."

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? நபீசுக்கு. ஆறு பெத்த முதுகு. எங்க வலிக்குதுன்னு அவங்க சொல்லுவாங்க. நீங்க தேய்க்கணும்."

"எனக்கு அதெல்லாம்…" என்று ஆரம்பித்தார் மொய்தூட்டி.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் குப்பியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்திரண்டு வருஷம் குப்புறப் படுத்துக் கெடந்தீங்க. எப்படித் தேய்க்கறதுன்னு உங்க முதுகுக்குத் தெரியும்," என்றாள் சௌதாமினி. "சூடு பண்றதை மட்டும் சொல்லித் தரேன். வெந்நீர்ல வெக்கணும். நேரா அடுப்புல வெச்சா மருந்து கெட்டுடும்."

நபீசு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெரு முனை வரை அவள் குரல் கேட்டது. பால்காரி கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். மொய்தூட்டி இரண்டடி பின்னால், குப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார்.

சௌதாமினி முற்றத்தில் நின்று பார்த்தாள். அவளுடைய கோபம் போய்விடவில்லை. போகவேண்டிய அவசரமும் அவளுக்கு இல்லை. வருஷச் சடங்குக்கு ஓப்போள் வருவாள், ஊர் வரும், மாஷைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லி அழுவார்கள். அப்போது தானும் ஒன்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அதை அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே, எண்ணெய்ப் பிசுக்கேறிய முண்டை வாளியில் ஊறப்போட்டாள். வெயில் நன்றாக இருந்தது. சீக்கிரம் காய்ந்துவிடும்.